கிணற்றின் மேலடுக்கு

பத்தாம் வகுப்பில் நானூற்று இருபத்தெட்டு மதிப்பெண், பனியன் கழிவுத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து படித்து வாங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் பள்ளி முதலிடம். சேலத்துக் கல்லூரியில் நிலவியல் பட்டம். அந்த வகுப்பில் முப்பத்தாறு பையன்கள், மூன்று பெண்கள், அதிலும் இரண்டு பேர் முதல் வருடத்தோடு வேறு பாடத்துக்கு மாறிக்கொண்டார்கள். பெண்களைச் சுரங்கத்துக்குள் விடும் வழக்கமில்லை என்று சொன்ன நிர்வாகத்துக்கு மூன்று முறை மனுப்போட்டு வாங்கிய அனுமதிக் கடிதம். திருச்சியில் முதுகலை. இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம்.

சித்ராதேவி ஜெயித்தவை இவை. எல்லாவற்றின் நகலும் அவள் அண்ணன் வீரணனிடம் ஒரு நீலக் கோப்பில் தேதிவாரியாக இருக்கின்றன. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் கோப்பு வெளியே வந்துவிடும். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடச் சுரங்க அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

வீரணன் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்தவன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, பத்தொன்பது வருடத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் செக்கிங் சூப்பர்வைசர் ஆனான். கடுகளவு எண்ணெய்க் கறையை எட்டடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பான். கோப்பிலும் அப்படித்தான், தாள்களின் ஓரம் ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. தங்கை வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியும், அவள் கையெழுத்துப் போட்ட ஒரு ரிப்போர்ட்கூட அதில் இல்லை.

சித்ராதேவிக்கு இருபத்தைந்து வயது. குள்ளம். பருத்திச் சுடிதாருக்குக் கீழே கான்வாஸ் ஷூ, தலையில் அண்ணன் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன தொப்பி. தோள்பையில் சுத்தியல், டேப், லென்ஸ், தண்ணீரின் உப்பைக் காட்டும் பேனா அளவு மீட்டர். வழியில் புதிதாக ஒரு கல் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துவாள். தட்டி உடைத்து, உடைந்த முகத்தை நாக்கால் நனைத்து வெயிலுக்குக் காட்டுவாள். ஈரம் பட்டால்தான் கல்லின் மணிகள் தெளிவாகத் தெரியுமாம். கிணற்றுத் தண்ணீருக்கும் அதே மரியாதைதான். விரலில் ஒரு சொட்டுத் தொட்டு நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிட்டு ஓர் எண்ணைச் சொல்வாள். பிறகுதான் மீட்டர். பெரும்பாலும் நூறு இருநூறு முன்னே பின்னே சரியாக வரும். எண் ஏற ஏற உப்பு: ஐந்நூறுக்குள் நல்ல தண்ணீர், இரண்டாயிரம் தாண்டினால் குடிக்க ஆகாது.

“ஊருல புள்ளைக சோத்தத் திங்குதுக, எம்மக கல்லைத் திங்கிறா,” என்பாள் அவர்கள் அம்மா ஒச்சாயி. “நாக்கா அது? உப்புத் தராசு.”

போர் போட இடம் பார்க்கக் கூப்பிடுகிறவர்களுக்கு அவள்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. சேவூரில் ஆத்தப்பன் என்கிற விவசாயி அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க அம்மிணி, தேங்கா கொண்டாரலீங்களா?”

“இல்லீங்க. மீட்டர்தானுங்க.”

“தேங்காக்காரரு நேத்தே வந்துட்டாருங்க. உள்ளங்கையில வெச்ச தேங்கா அப்படியே எந்திரிச்சு நின்னுச்சு. முந்நூறு அடியில மூணு இஞ்சுத் தண்ணின்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போயிட்டாருங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

“இந்த எடத்துல வாய்ப்பு அதிகமுங்க. வந்தே தீரும்னு எழுதித் தர மாட்டனுங்க.”

“அட, படிச்சவங்களே இப்படி இழுத்தா எப்படீங்க!”

தேங்காய்க்காரருக்கு இளநீர் வெட்டிய வீட்டில் இவளுக்கு மோர் வந்தது. குடித்துவிட்டு, மோர் நன்றாக இருந்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

கையெழுத்து விஷயத்தில் அவள் இன்னும் மோசம். கூரியர்காரரை வாசலில் நிறுத்திவைத்து, பார்சலைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தாளில் எழுத்தே விழும். “இவளுக்கு மாப்பிள்ள பாத்தா சுத்தியால தட்டிப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவா. எந்தப் பய நிப்பான்?” என்று ஒச்சாயி அடுத்த வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அலுவலகத்தில் எல்லா ரிப்போர்ட்டிலும் முதலாளி தண்டாயுதபாணிதான் கையெழுத்துப் போடுவார். அரசாங்கத்தில் நிலவியலாளராக இருந்து ஓய்வுபெற்று, பல்லடம் ரோட்டில் ஒரு மாடியறையில் தொழில் நடத்துகிறவர். களத்துக்குப் போவது, அளப்பது, எழுதுவது எல்லாம் சித்ராதேவி. கடைசிப் பக்கத்தின் அடியில் பெயர் மட்டும் அவருடையது. “எனக்கு எப்பத் தோணுதோ அப்பக் கேட்டு வாங்கிக்கிறேன்ணே,” என்பாள் வீரணனிடம். வீரணன் இதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டான்.

அவளுடைய களக் குறிப்பு நோட்டில் அழிப்பதற்கு இடமில்லை. பேனாவால்தான் எழுதுவாள். பிழை வந்தால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, பழைய எழுத்து படிக்கத் தெரியும்படி. அந்த வேலைக்கு யார் பொறுப்போ அவர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அதையும் இதுவரை தண்டாயுதபாணியே செய்துவந்தார். வீரணனுக்கு இது பொறுக்கவே பொறுக்காது. அவனுடைய செக்கிங் தாளில் பிழை என்ற ஒன்றே இருக்காது. வெள்ளை மை பூசி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் எழுதுவான்.

“பாக்க அசிங்கமா இல்லையாத்தா?”

“தப்பு நடந்த எடம் தெரியணும்ணே.”

2006 பிப்ரவரியில் கோப்பின் குறையைத் தீர்க்க வீரணனுக்கு ஒரு வழி பிறந்தது. அவன் கம்பெனி முதலாளி சாமியப்பன், அப்பா காலத்துத் தறியிலிருந்து மேலே வந்த நெசவுக் குடும்பம். “முருகா” என்று சொல்லாமல் நாற்காலியில் உட்கார மாட்டார். ஊத்துக்குளி ரோட்டில், கிணற்றோடு நிலம் வாங்கி, கம்பெனிப் பெண்களுக்கு விடுதி கட்டியிருந்தார். நூற்றறுபது கட்டில். தெற்கு ஜில்லாக்களிலிருந்து சித்திரையில் பெண்கள் வருவதாக ஏற்பாடு. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: விடுதிக் கிணற்றின் தண்ணீர் நல்லதா, வருடம் முழுக்கப் போதுமா என்று ஒரு நிலவியலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

“என் தங்கச்சி இருக்காங்க மொதலாளி,” என்றான் வீரணன். சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

சித்ராதேவி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் சம்பளம் வாங்கும் இடத்தில் தான் அளக்கலாமா என்று தண்டாயுதபாணியிடம் கேட்டாள். “மொத பக்கத்துலயே அதை எழுதிருங்க அம்மிணி. படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுட்டாப் போதும், மறைச்சாத்தான் தப்பு. இதுல நீங்களே கையெழுத்துப் போட்டுக்கறீங்களா?” என்றார் அவர். அன்று அவள் தலையசைத்தாள். வீரணனுக்கு அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாமியப்பன் அவனை விடுதிக்கு வரச் சொன்னார். கிணற்றை அடி தெரியும்வரை இறைத்துவிட்டிருந்தார்கள். வரப்பில் தண்ணீர் லாரிகள் வரிசையாக நின்றன.

“பையருக்குப் பொட்டில மேலடுக்கு வெக்கறோமில்ல வீரணா, அந்த மாதிரிதான் இது,” என்றார் சாமியப்பன். “சித்திரைக்குள்ள உப்பெடுக்கற பில்டர் மெசின் வந்துரும். அதுக்கு முன்னால இந்த வெளிநாட்டுக்காரனுக வந்து நிக்கறானுக. ரிப்போர்ட் நல்லபடியா வரட்டும். செக்கிங் செக்சன் முழுக்க உன்ற பொறுப்புத்தான்.”

மேலடுக்கு என்றால் திருப்பூரில் பெட்டி கட்டுகிற எல்லாருக்கும் தெரியும். சரக்கு வாங்குகிறவர் பார்வையிட வரும்போது, பெட்டியின் மேல்வரிசையில் ஒரு பிசிறுகூட இல்லாத துணிகளை அடுக்கி வைப்பது. வீரணன் அதில் கெட்டிக்காரன். அதை ஏமாற்று என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. வந்தவர் போன பிறகு பெட்டியைப் பிரித்து, அடிவரிசை வரைக்கும் தானே உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்து அனுப்புவான். மேலே வைத்தது நாளைக்கு அடியிலும் இருக்கும். அவ்வளவுதான் அவன் கணக்கு.

ஆகவே கிணற்றோரம் நின்றான். நிற்கச் சொன்னால் சும்மா நிற்கத் தெரியாது அவனுக்கு. சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து, கிணற்றுக்குள் தண்ணீர் விட்ட லாரிக்கு ஒரு கோடு கிழித்தான். பதினொரு கோடு.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சித்ராதேவி வந்தாள். கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றினாள், டேப்பை இறக்கினாள், நோட்டை விரித்தாள். எல்லாக் கிணற்றிலும் கேட்கிற கேள்விகள்தான். தோண்டி எத்தனை வருடம், கோடையில் வற்றுமா. கடைசியாக: “பத்து நாளுக்குள்ள இதுல வெளித்தண்ணி ஏதும் விட்டாய்ங்களாண்ணே?”

சாமியப்பன் பக்கத்தில் நின்றார். வீரணன் சொன்னான்: “இல்லத்தா. ஊத்துத் தண்ணிதான்.”

எழுதிக்கொண்டாள். தகவல் சொன்னவர் என்ற இடத்தில் ‘க. வீரணன், செக்கிங் சூப்பர்வைசர்’ என்று எழுதினாள். தன் பெயரும் பதவியும் அவள் கையால் எழுதப்படுவதைப் பார்த்தபோது அவனுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சிகூட உண்டாயிற்று. பின்னால் அந்தக் குளிர்ச்சியை நினைக்கும்போதெல்லாம் பொய்யைவிட அதற்காகத்தான் அவன் உடம்பு அதிகம் கூசியது.

ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினாள். “நானூறு,” என்றாள். மீட்டர் நானூற்று இருபது காட்டியது. “சாயத்தண்ணி ஓடுற ஆத்துக்கு இவ்வளவு பக்கத்துல நானூறா,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மோட்டாரைப் போடச் சொன்னாள்.

பத்தரை மணிக்குத் தண்ணீர் ஒன்பதடி இறங்கியிருந்தது. மீட்டரில் நானூற்று அறுபது.

“அம்மிணி, மூணு மணி நேரமாச்சுங்க,” என்றார் சாமியப்பன். “அல்லாரும் ஒரு பாட்டில் புடிச்சுட்டுப் போயிருவாங்க. நீங்க கெணத்தையே ஊட்டுக்குக் கொண்டுபோயிருவீங்களாட்ட இருக்குதே.”

“அடி வரைக்கும் பாத்தர்றனுங்க.”

சாமியப்பன் வீரணனைப் பார்த்தார். பிறகு மோட்டார் அறையைப் பார்த்தார். வீரணன் நடந்து போய், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். மோட்டார் நின்றது.

“கரண்ட் போயிருச்சுங்க,” என்றார் சாமியப்பன். “இனி எப்ப வருமோ.”

“பரவாயில்லீங்க. வர்ற வரைக்கும் உக்காந்திருக்கனுங்க.”

புங்கமரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதத்தைப் பொறுமையாகச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, வேலிக்கு அந்தப்பக்கம் காது கொடுத்தாள். அடுத்த தோட்டத்து விசைத்தறிகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன.

“ஏனுங்க, பக்கத்துத் தோட்டத்துத் தறிக்கு மட்டும் எந்த ஊர் கரண்டுங்க வருது?”

கிணற்றோரம் நின்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். சாமியப்பனும் சிரித்தார், “முருகா” என்றார், கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சிரிக்காதவன் வீரணன் ஒருவன்தான். சட்டைப்பையில் அந்தக் கட்டை கல்லாகக் கனத்தது. யார் முகத்தையும் பார்க்காமல் மோட்டார் அறைக்குப் போய் அதை மாட்டினான். மோட்டார் ஓடியது.

பதினொன்றரைக்கு மீட்டர் எழுநூறு. ஒரு மணிக்கு இரண்டாயிரத்து அறுநூறு. இரண்டரை மணிக்கு மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது. ஊற்றிய தண்ணீர் போய், கிணற்றின் சொந்தத் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. முழங்கால் அளவுக்கு இறங்கியதும் மோட்டாரை நிறுத்தச் சொல்லி, படியில் பக்கவாட்டாக அடி வைத்து உள்ளே போனாள். கிழக்குச் சுவரில் ஒரு விரிசலிலிருந்து தண்ணீர் கசிந்தது. அந்த வாயிலேயே பாட்டிலை வைத்துப் பிடித்தாள். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. “நாலாயிரம்,” என்றாள். மீட்டரைப் பார்த்தாள், எழுதினாள். பிறகு தலையை நிமிர்த்தி, மேலே கிணற்றின் விளிம்பில் நின்றிருந்த அண்ணனை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். வழக்கமாகப் பின்னால் உட்கார்ந்து, குழிக்குக் குழி எச்சரிக்கை செய்துகொண்டே வருகிறவன், அன்று எல்லாக் குழியிலும் பேசாமல் குலுங்கினான்.

“என்ன, ரெண்டு பேரும் கேத வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீக,” என்று டீயை வைத்துவிட்டு ஒச்சாயி கோழியைப் பிடித்து அடைக்கப் போய்விட்டாள்.

சித்ராதேவி தரையில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். வீரணன் அவள் தோளுக்கு மேலாகப் படித்தான். அவள் எழுதுகிற எதையும் படிக்காமல் அவன் விட்டதில்லை. மேலே அவன் பெயர். ‘வெளித்தண்ணீர் ஏதும் ஊற்றப்படவில்லை என்று தெரிவித்தார்.’ அதற்குக் கீழே நானூற்று இருபதில் தொடங்கி நாலாயிரத்து நூற்று இருபதில் முடியும் எண்களின் வரிசை. பொய் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

“நான் சொன்னத அப்படியே போட்டிருக்கயே,” என்றான்.

“நீ சொன்னதப் போட்டிருக்கேன். மீட்டர் சொன்னதயும் போட்டிருக்கேன்.”

“ரெண்டையும் படிக்கிறவன் என்னைய என்னன்னு நெனப்பான்?”

அவள் பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தாள்.

“என் பேர எடுத்துருத்தா.”

“முடியாதுண்ணே. கேட்டேன், சொன்ன. நீ வேற ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லு, எழுதிக்கிறேன்.”

வீரணன் எழுந்தான், உட்கார்ந்தான். “பெட்டியில மேலடுக்கு வைக்கிறதில்லயா? அது மாதிரிதான்னு நெனச்சுப்புட்டேன். பில்டர் மெசின் போட்டுருவாருன்னு…”

“மேலடுக்கு நானே எத்தன பெட்டிக்கு வச்சிருக்கேன், லீவு நாள்ல உன் கம்பெனியிலேயே. நீ பின்னாடி உக்காந்து அடி வரைக்கும் சரி பண்ணுவ, அதையும் பாத்திருக்கேன்.” அவள் குரல் உயரவில்லை. “கெணத்துக்கு அடியில எதை வச்சுண்ணே பிசிறு வெட்டுவ? நூத்தறுவது புள்ளைக குடிக்கப் போகுதுக. நம்ம ஊர்ப் பக்கத்துப் புள்ளைக. மெசின் வந்தா அந்தத் தண்ணிய அப்ப அளந்து எழுதுறேன். இப்ப இருக்கிறது இது.”

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பெண்களிடம் அவன் துணியைத் தூக்கிக் காட்டி, இது என்ன, கண் இருக்கா என்று கேட்டிருக்கிறான். அவர்கள் தலைகுனிந்து நிற்பார்கள். நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நாளைக்குக் கம்பெனியில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான். பதினொரு கோடு, ஒவ்வொன்றும் ஒரே உயரம்.

“இதை எழுதிக்கத்தா. நின்னு எண்ணினது நாந்தான். பீஸ் கட்டையப் புடுங்கினதும் நாந்தான்.”

அவள் பேனாவை எடுத்தாள். அவன் சொன்ன வரியின்மேல் ஒரு கோடு, ஒன்றே ஒன்று. அதன் மேலே சிறிய எழுத்தில், பன்னிரண்டாம் தேதி பதினொரு லாரித் தண்ணீர் ஊற்றப்பட்டதாக அவரே திருத்திச் சொன்னார் என்று எழுதினாள். வீரணனின் கை தன்னாலே அலமாரியில் இருந்த வெள்ளை மைக் குப்பியை நோக்கிப் போயிற்று. அவள் நோட்டைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

“வேணாம்ணே. கீழ இருக்கிறதும் படிக்கத் தெரியணும்.”

ஓரத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. இந்த முறை அது தண்டாயுதபாணியின் இடமில்லை. பேனாவைச் சற்றுநேரம் காற்றில் பிடித்திருந்தாள். பிறகு நிதானமாக, எல்லா எழுத்தும் தெரியும்படி, தன் பெயரை எழுதினாள்.

ரிப்போர்ட் அந்த வாரமே போயிற்று. அதன் முதல் பக்கத்தில் அண்ணன் வேலை செய்யும் இடம் என்று இருந்தது, மூன்றாம் பக்கத்தில் குடிக்கத் தகுந்ததல்ல என்று இருந்தது. விடுதிக்குக் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஐந்து மாதம் கட்டில்கள் உறை பிரிக்காமல் கிடந்தன. சாமியப்பன் கோபப்படவில்லை. பத்தொன்பது வருடமாக வா, போ என்று பேசியவர், “நீங்க வேற எடம் பாத்துக்குங்க சாமி,” என்றார். வீரணன் இப்போது அவிநாசி ரோட்டில் வேறொரு கம்பெனியில் சாதாரணச் செக்கராக நிற்கிறான். மேலடுக்கு வைக்கச் சொன்னால், கண் மங்கிவிட்டது என்று சொல்லி நகர்ந்துகொள்கிறான்.

சித்ராதேவி இன்னமும் கல்லைத் தின்கிறாள். தேங்காய்க்காரர்களிடம் இன்னமும் தோற்கிறாள். அண்ணனோடு அந்த நாளைப் பற்றிப் பிறகு பேசியதில்லை. ஒரு மாதம் கழித்து அவன்தான் வந்து, அந்தப் பக்கத்துக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டான். அவள் எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

அது நீலக் கோப்பில் தேதிவாரியாகச் சேர்ந்திருக்கிறது, ஓட்டுநர் உரிமத்துக்கும் திருச்சிப் பட்டத்துக்கும் பின்னால், கடைசித் தாளாக. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வீரணன் அதையும் திருப்பிக் காட்டுகிறான். திருப்பும்போது அவன் கட்டைவிரல், கோடு கிழித்த அந்த வரிமேல் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். காபி ஆறும். வந்தவர் குனிந்து பார்ப்பார். விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பிறகு மெல்ல விலகிக் கீழிறங்கி, ஓரத்தில் எழுதியிருப்பதைத் தொட்டுக் காட்டும்: க. சித்ராதேவி, 13.3.2006.